மருத்துவச் சீட்டு யாருடையது?

காலையில் வடகவுஞ்சியிலிருந்து பேருந்து ஏறும் பெண்களைக் கவனித்தால், எவர் சந்தைக்குப் போகிறார், எவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்பதை எளிதில் சொல்லிவிடலாம். சந்தைக்குப் போகிறவர் பையைக் காலடியில் வைத்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரோ மஞ்சள் பையை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொள்வார். மடித்து மடித்துக் கிழிந்த ஓ.பி. சீட்டுகள், சுருட்டி வைத்த எக்ஸ்ரே படம், எழுத்து மங்கிய இரத்தப் பரிசோதனைத் தாள், மாத்திரை தீர்ந்துபோன வெற்று அட்டை ஆகியவை அப்பைக்குள் இருக்கும். மாத்திரையின் பெயரைச் சொல்லத் தெரியாதவர்கள் அந்த வெற்று அட்டையையே டாக்டரிடம் எடுத்துக் காட்டுவார்கள். அது நல்ல வழிதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நோய் வந்தால் இரண்டு திசைகள் உண்டு. மேலே ஏறினால் கோடைக்கானல். கீழே இறங்கினால் பழனி. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே மலைப்பாதை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். நோய் முற்றினால் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அனுப்புவார்கள். ஒவ்வோர் இடத்திலும் நம்மை முதன்முதலாகப் பார்க்கும் ஒரு புதிய மருத்துவர் இருப்பார். கோடைக்கானலில் எழுதிய பதிவேடு பழனிக்குப் போவதில்லை. பழனியில் எடுத்த படம் மதுரைக்கு நடந்து செல்வதில்லை. இவ்வூர்களுக்கெல்லாம் சென்று வருவது நோயாளியும் அவர் கையிலுள்ள மஞ்சள் பையுமே ஆகும்.

அக்காலத்தில் ஊரிலுள்ள மருத்துவச்சிக்கு எல்லார் வீட்டுக் கதையும் மனப்பாடம். எவளுக்கு முதல் பிரசவம் கஷ்டப்பட்டது, எவர் வீட்டில் இழுப்பு நோய் உண்டு என்பதை அவர் எழுதி வைக்காமலே அறிவார். முப்பது வீடுகள் உள்ள ஊருக்கு ஒருவருடைய நினைவு போதும். மலையை விட்டு இறங்கியவுடன் அது போதாது.

திருவள்ளுவர் மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து மருந்து கொடுப்பவர் என்பனவே அவை. நோயாளியை அவர் முதலில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. நான்காவதாகச் சொல்லப்பட்டவர் நம் மலை வீடுகளில் யார்? பெரும்பாலும் பள்ளிக்குச் செல்லும் பெண்தான். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் அவளே. ஆகையால்தான் இச்செய்தியை மருத்துவ ஏட்டில் எழுதாமல் நம் பள்ளி மலரில் எழுதுகிறேன்.

என் அத்தை ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறேன். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும்போது அவர் காலில் ஒரு வெட்டுக்காயம் பட்டது. காயம் சீழ் பிடிக்கவே ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட சில நிமிடங்களில் உதடும் முகமும் வீங்கி, மூச்சு முட்டி, அவர் மயங்கி விழுந்தார். அங்கிருந்த டாக்டரம்மா உடனே மாற்று மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். பிறகு சீட்டில் சிவப்பு மையால், இவருக்குப் பென்சிலின் கொடுக்கக் கூடாது என்று எழுதி, "இதைத் தொலைத்துவிடாதீர்கள்" என்று சொல்லியனுப்பினார்.

அச்சீட்டு ஓட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகி வைக்கப்பட்டது. ஐப்பசி மழை நம் மலையில் எப்படிப் பெய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டே ஆண்டுகளில் சீட்டு கூழாகிவிட்டது.

ஆறு ஆண்டுகள் சென்றபின் அத்தைக்குக் கடுமையான நிமோனியாக் காய்ச்சல் கண்டது. இம்முறை வேறோர் ஊர், வேறோர் ஆஸ்பத்திரி. "ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாதா?" என்று நர்ஸம்மா கேட்டார். அத்தைக்கு நினைவில்லை. மாமாவோ, "ஆமாம் அம்மா, ஒரு ஊசி ஒத்துக்காது, வெள்ளையாக இருக்கும்" என்றார். வெள்ளையாக இருக்கும் ஊசிமருந்துகள் எத்தனையோ! அப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகள் ஓரமாக நின்றாள். சிறுமியாக இருந்தபோது அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து, ஆசிரியை திருத்துவது போல் இருக்கிறதே என்று எண்ணி, சிவப்புப் பேனாவை இரவல் வாங்கித் தன் பூகோள நோட்டின் பின்னட்டையில் அதைப் பார்த்து எழுதியிருந்தாள். அச்சொல்லை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். டாக்டர் கையிலிருந்த மருந்தை வைத்துவிட்டு வேறு மருந்தை எடுத்தார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. "எனக்கு ஊசி ஒத்துக்காது" என்று சொல்லும் எல்லாருக்கும் அது உண்மையன்று. பென்சிலின் ஒவ்வாமை உண்டு எனப் பதியப்பட்டவர்களைச் சோதித்தால், 10 பேரில் சுமார் 9 பேருக்கு அது இல்லை என்றே தெரிகிறது என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. காரணமின்றி அப்படிச் சொல்லிக்கொண்டால், மலிவான நல்ல மருந்து ஒன்று நமக்கு அடைபட்டுப் போகிறது. எனவே "ஒத்துக்காது" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த மருந்து, எப்போது, போட்ட எத்தனை நிமிடத்தில், தடிப்பு வந்ததா, வாந்தி வந்ததா, மூச்சு முட்டியதா என்று எழுத வேண்டும். மூச்சு முட்டுவதும் வயிறு குமட்டுவதும் டாக்டருக்கு ஒன்றல்ல.

பழைய காகிதம் புதிய டாக்டருக்கு எவ்வாறு பேசுகிறது என்பதற்கு எக்ஸ்ரே படமே நல்ல சான்று. நெஞ்சுப் படத்தில் ஒரு வெண்ணிழல் தெரிகிறது. அது இப்போது வந்த காசநோயா, பத்து ஆண்டுகளுக்கு முன் வந்து ஆறிப்போன வடுவா? ஒரு படத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இது சிக்கலான கேள்வி. பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தால், இரண்டிலும் நிழல் ஒரே அளவில் இருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். இதயத்துக்கு எடுக்கும் ஈ.சி.ஜி. தாளும் அப்படியே. சிலருக்கு இயற்கையாகவே அதன் கோடு சற்று மாறியிருக்கும்; பழைய தாள் இல்லாவிட்டால் அதை மாரடைப்போ என்று ஐயுற நேரும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒரு நாள் எண்ணால் அதிகம் சொல்வதில்லை. ஆறு மாத எண்கள் வரிசையாக நின்றால்தான், மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியும்.

"சரி, காகிதமே கொடுக்காவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்கலாம். கேட்டுப் பெற வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட நடத்தை விதிகளின்படி, ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றவரின் குறிப்புகளை மருத்துவர் 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். நம் மக்கள் இதைக் கேட்பதற்குத் தயங்குகிறார்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற அச்சம். பணிவாகக் கேட்டால் கோபிக்க மாட்டார் என்பதே என் அனுபவம். கோபித்தாலும் கேட்கலாம்.

மருத்துவக் குறிப்பை நோயாளியின் வீட்டிலேயே வைப்பது பாதுகாப்பா என்று படித்தவர்களே ஒரு காலத்தில் ஐயுற்றார்கள். 1950-களில் நைஜீரியா நாட்டில் இமேசி என்னும் சிற்றூரில் டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் குழந்தைகளின் எடையைக் குறிக்க ஓர் அட்டையை உருவாக்கினார். குழந்தையின் எடை மாதந்தோறும் ஒரு புள்ளியாக அதில் ஏறும். புள்ளிகள் மேல்நோக்கிச் சென்றால் நலம், படுத்துவிட்டால் ஆபத்து. எழுத்தறியாத தாயும் அக்கோட்டைப் படித்துவிடுவாள். அவர் அவ்வட்டையை ஒரு பாலித்தீன் உறையில் போட்டுத் தாயின் கையிலேயே கொடுத்தார். தாய்மார்கள் தொலைத்துவிடுவார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. மருத்துவ நிலையங்கள் தொலைப்பதைவிடத் தாய்மார்கள் தொலைத்தது குறைவு என்பதுதான் அவர் கண்டது. அவருடைய அட்டை பிறகு உலகின் பல நாடுகளுக்கும் பரவியது.

ஜப்பான் நாட்டிலும், போரில் நொறுங்கிக் கிடந்த காலத்தில், 1948-ஆம் ஆண்டு முதல் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து ஒரே கையேடு கொடுக்கப்பட்டது. கர்ப்பம் முதல் குழந்தையின் தடுப்பூசி வரை அதில் ஏறும், வீட்டிலேயே இருக்கும். நம் நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் கொடுக்கும் தாய் சேய் நல அட்டையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உங்கள் வீட்டு அலமாரியில் உங்களுடைய அட்டை இருக்கிறதா என்று இன்று மாலை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஏட்டை நம் கையில் வைத்திருப்பது ஏன் வேண்டும் என்பதற்குத் தூரத்து நாடுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் மலையின் உச்சியிலேயே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்னும் ஊரிலிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய அத்தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்புவது அங்கே வேலை. 2001-ஆம் ஆண்டு மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய சாமான் கிடங்கில் கிடப்பது வெளியே தெரிந்தது. மக்கள் கூடிக் கேட்டனர். தொழிற்சாலை மூடப்பட்டது.

அதன்பின் நடந்ததுதான் நம் பொருளுக்கு உரியது. அங்கே வேலை செய்த பலர் தங்களுக்குச் சிறுநீரகக் கோளாறும் நரம்புத் தளர்ச்சியும் உண்டாயின என்றும், அதற்குப் பாதரசமே காரணம் என்றும் கூறினர். அப்படியன்று என்றது நிறுவனம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2016-ஆம் ஆண்டு மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது.

அவ்வழக்கில் மருத்துவர்களுக்கே கடினமாயிருந்தது எது தெரியுமா? பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உடலுக்குள் போனது, சிறுநீர் வழியாகவும் மலம் வழியாகவும் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அதன் அளவு பாதியாகிவிடும். ஆகவே வேலையை விட்டுச் சில ஆண்டுகள் சென்றபின் ஒருவருடைய சிறுநீரைச் சோதித்தால், அவர் வேலை செய்த நாளில் உடலில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்பது தெரியாது. அதைச் சொல்லக்கூடியது, அந்த நாளில் எடுத்த பரிசோதனையின் தாள் ஒன்றே. உடம்பு மறந்துவிட்டதைக் காகிதந்தான் நினைவில் வைத்திருக்கும். அக்காகிதம் தொழிலாளியின் வீட்டில் ஒரு பிரதியாவது இருந்திருந்தால் எவ்வளவோ நலமாக இருந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1984-ஆம் ஆண்டு டிசம்பரில் போபால் நகரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. நச்சுப் பொருள்களோடு வேலை செய்கிறவர்களின் உடல்நலப் பதிவுகளை நிர்வாகம் சரிவர வைத்திருக்க வேண்டும், தொழிலாளி பார்க்கும்படியும் செய்ய வேண்டும் என்று ஒரு பிரிவு அதில் சேர்க்கப்பட்டது. அந்தப் போபாலிலேயே, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் உடல்நலக் கையேடு கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2012-ஆம் ஆண்டில், அதாவது ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பிறகு.

தொழிற்சாலை இல்லாத ஊரிலும் இப்பாடம் பொருந்தும். நம் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் தலைசுற்றி விழுந்தால், மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள பெயரைப் பார்த்துத்தான் முறிவு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இதுவரை சீட்டைக் காப்பது, காட்டுவது பற்றிச் சொன்னேன். யாருக்குக் காட்டக் கூடாது என்பதும் இதே அளவு முக்கியம்.

மத்தேயு நற்செய்தியில் ஒரு தொழுநோயாளியின் கதை வருகிறது. இயேசு ஆண்டவர் அவரைத் தொட்டுக் குணமாக்கியபின், இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்கிறார்; உடனே, போய்க் குருவிடம் உன்னைக் காட்டு என்றும் சொல்கிறார். மோசேயின் சட்டப்படி, தொழுநோய் நீங்கிற்று என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் குரு. அவர் சொன்னால்தான் நோயாளி மறுபடியும் ஊருக்குள் வாழலாம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், உரியவரிடம் காட்டு என்ற அந்த இரண்டும் ஒரே மூச்சில் வருவதை நான் பல ஆண்டுகள் கவனிக்கவில்லை. இவ்வசனத்திற்கு வேத அறிஞர்கள் வேறு ஆழ்ந்த பொருள் சொல்வார்கள். ஆயினும், நோயுற்ற ஒருவரின் செய்தியை எப்படிக் கையாள்வது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் வெளியிடார் என்பதை நாம் அறிவோம். அந்நம்பிக்கை இல்லாவிட்டால் ஒருவரும் அங்கே முழங்காலிட மாட்டார்கள். மருத்துவருக்கும் அத்தகைய கடமை உண்டு. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியிலேயே அது இருக்கிறது. மேலே சொன்ன 2002-ஆம் ஆண்டு விதிகளிலும் இருக்கிறது. நோயாளியின் இரகசியம் காக்கப்படாவிட்டால், நோயாளி நோயை மறைப்பார். மறைத்த நோய் பிறருக்கும் பரவும்.

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பது 1986-ஆம் ஆண்டில் சென்னையில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவர்களிடம் பயின்ற டாக்டர் நிர்மலா அவர்களும் அதைக் கண்டறிந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில், நோயைவிட நோயைப் பற்றிய பேச்சே பலருடைய வாழ்வைக் குலைத்தது. வேலை போயிற்று, வீடு போயிற்று, சிலருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையே மறுக்கப்பட்டது. இவற்றைப் பார்த்தவர்கள் பரிசோதனைக்கே வர அஞ்சினர். 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒருவருக்கு இக்கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை, சில விதிவிலக்குகள் தவிர, அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது.

ஆனால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள் சில உண்டு. 2012-ஆம் ஆண்டு மே மாதம் முதல் காசநோயும் அவற்றுள் ஒன்று. தனியார் டாக்டரானாலும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மருந்து தடைப்படாமல் கிடைக்கவும், வீட்டிலுள்ள மற்றவர்களைச் சோதிக்கவும் இந்த ஏற்பாடு. இதைக் கேட்டுச் சிலர், "டாக்டர் ஊருக்கே சொல்லிவிட்டார்" என்று வருந்துகிறார்கள். சுகாதாரத் துறையின் பதிவில் ஏறுவது வேறு. குழாயடியில் ஏறுவது வேறு.

குழாயடி என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் படித்த காலத்தில் ஒரு பள்ளியில் எங்களுக்கு இரத்தச் சோகை பரிசோதனை நடந்தது. முடிவுகள் வந்ததும் வகுப்பில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி எண்ணையும் உரக்கப் படித்தார்கள். மிகவும் குறைவாக இருந்த ஒரு மாணவியைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அடுத்த பரிசோதனை நாளன்று அவள் பள்ளிக்கு வரவில்லை. இரும்புச்சத்து மாத்திரை யாருக்கு அதிகம் தேவையோ அவளே வராமல் போனாள். கெட்ட எண்ணத்தோடு ஒருவரும் அதைச் செய்யவில்லை. ஒரு சீட்டை மடித்துத் தனித்தனியே கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளிலும் இப்படித்தான். பெண்ணுக்குச் சிறு வயதில் வலிப்பு வந்ததை ஊரார் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் அறிவது ஒன்று; அவளும் பெற்றோரும் தாமே நேரில் சொல்வது வேறொன்று. மறைப்பதற்கு நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் யார் என்பதே கேள்வி.

இப்போது சீட்டு செல்பேசிக்குள் வந்துவிட்டது. 2021 செப்டம்பர் முதல் மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் 14 இலக்க எண் ஒன்று கொடுக்கிறார்கள். நோயாளி சம்மதித்தால், ஓர் ஆஸ்பத்திரியின் குறிப்புகளை இன்னோர் ஆஸ்பத்திரி பார்க்கலாம். எதைக் காட்டுவது, எவ்வளவு காலத்திற்கு என்பதையும் நோயாளியே சொல்லலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் செய்யலாம். எஸ்தோனியா என்ற சிறு நாட்டில் 2008 முதல் இத்தகைய ஏற்பாடு இருக்கிறது. அங்கே தன் குறிப்பை எந்த மருத்துவர் என்று பார்த்தார் என்பதைக்கூட நோயாளி தெரிந்துகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுதான்.

ஆயினும் மஞ்சள் பையைத் தூக்கியெறிந்துவிடாதீர்கள். 2022 நவம்பர் 23 அன்று டில்லியிலுள்ள எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை யாரோ முடக்கிவிட்டார்கள். நாட்டின் புகழ்பெற்ற அம்மருத்துவமனை பல நாட்கள் காகிதத்திலும் பேனாவிலும் வேலை செய்ய நேர்ந்தது. நம் மலைத் திருப்பங்களில் செல்பேசிக்குச் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இன்னொன்று: அம்மாவின் பரிசோதனைத் தாளைப் படம் பிடித்துக் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். அதில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அம்மாவைக் கேட்டோமா?

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் 40 பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் பெயர், பிறந்த ஆண்டு, இரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, நீண்டநாள் நோய் ஆகியவற்றை எழுதுங்கள். இரத்த வகையைப் பரிசோதனைத் தாளைப் பார்த்தே எழுத வேண்டும். "அப்பாவுக்கு ஓ, அதனால் எனக்கும் ஓ" என்று எழுதக் கூடாது. அடுத்த பக்கங்களில் ஆஸ்பத்திரிக்குப் போன தேதி, அங்கே சொன்னது, கொடுத்த மாத்திரையின் பெயர், அளவு. மாத்திரைப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினால் வேறு மருந்தாகிவிடும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். டாக்டர் திட்டுவார் என்று விட்டுவிடுகிறார்கள், பிறகு கல்லீரல் கோளாறு எதனால் வந்தது என்று தெரியாமல் அவரும் திண்டாடுகிறார். சில கடைகளில் கொடுக்கும் பரிசோதனைத் தாள் வெப்பத்தால் அச்சடித்தது, ஓராண்டில் வெள்ளையாகிவிடும். அதை உடனே நோட்டில் பார்த்து எழுதவோ நகல் எடுக்கவோ வேண்டும். எக்ஸ்ரே படங்களை ஒன்றோடொன்று ஒட்டாதபடி இடையில் காகிதம் வைத்து, ஈரம் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். சமையலறைப் பரண் அதற்கு ஏற்ற இடமன்று. இறவாணம் அறவே ஆகாது.

நோட்டை எழுதுகிறவள் நீங்களாக இருந்தாலும் அதற்கு உரியவர் அந்த நோயாளியே. பாட்டியின் நோட்டில் உள்ளதைப் பாட்டியைக் கேட்காமல் சித்தியிடம் படித்துக் காட்டலாகாது. ஒருவர் சுயநினைவின்றிக் கிடக்கும்போது மட்டும் டாக்டரிடம் தாராளமாக எடுத்துக் காட்டலாம்.

என் அத்தை இன்னும் காப்பித் தோட்டத்திற்குப் போய்வருகிறார். அவருடைய நோட்டை இப்போது மகள் வைத்திருக்கிறாள். பூகோள நோட்டின் பின்னட்டையைக் கத்தரித்து அதன் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஓ.பி. சீட்டு வாங்குமுன் அந்த நோட்டைத் திறந்து, சிவப்பு வரியின்மேல் விரலை வைத்து, "இதை முதலில் படிங்க அம்மா" என்பார்.